தன் வீட்டைப் பார்த்துக் கேட்டவர்



கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவதைக் கிண்டல் செய்கிற நமக்கும் பிடித்த நடிகர் உண்டா என்று மாணவர்கள் கேட்பார்கள். எங்களுக்கு உண்டு: இர்ஃபான். ‘பான் சிங் தோமர்’, ‘தி லஞ்ச்பாக்ஸ்’ இரண்டையும் எங்கள் மாலை வகுப்பில் திரையிட்டிருக்கிறோம். ஆனால் இங்கே சொல்ல வந்தது அவர் நடிப்பைப் பற்றி அல்ல.

2016 ரம்ஜான் மாதம். ‘மதாரி’ படத்துக்காக ஜெய்ப்பூர் வந்தவர், குர்பானி பற்றிப் பேசினார். தனக்குப் பிரியமான ஒன்றை விட்டுக்கொடுப்பதுதான் தியாகம். இரண்டு நாள் முன்பு ஆட்டை வாங்கி அறுப்பதில் என்ன தியாகம் இருக்கிறது என்று கேட்டார். நோன்பு தன்னைத்தானே சோதித்துக்கொள்வதற்கானது என்றார். நடிப்பை மட்டும் பார்த்துக்கொள் என்று மதகுருக்கள் சீறினார்கள். அவர் பின்வாங்கவில்லை. மதத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் ஆளும் நாட்டில் தான் இல்லை என்பதே நிம்மதி என்று பதில் சொன்னார்.

அந்தப் பேச்சை உடனே கொண்டாட எங்களால் முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் தாத்ரியில், வீட்டில் மாட்டுக்கறி வைத்திருந்தார் என்ற வதந்தியால் முகமது அக்லாக் அடித்துக் கொல்லப்பட்டார். இர்ஃபான் பேசிய இரண்டு வாரத்துக்குள், ஜூலை 11 அன்று, உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த நம் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். இர்ஃபானோ சிறுவயதிலேயே கறி சாப்பிடாதவர். பட்டாணியர் வீட்டில் பிராமணன் பிறந்திருக்கிறான் என்று அவர் அப்பா கேலி செய்வாராம். அந்தக் கேலிக்கு நமக்குச் சிரிப்பு வராது. கறி சாப்பிடாமை எப்படி மேல்சாதி அடையாளமானது என்று நமக்குத் தெரியும்.

ஆனாலும் ஒரு வேறுபாட்டைப் பிறகுதான் உணர்ந்தோம். அடுத்தவர் தட்டில் அவர் கை வைக்கவில்லை. தன் வீட்டைப் பார்த்து, தன் மதத்தாரிடம் கேட்டார். விதிகளின் மதம் வேறு, கொள்கைகளின் மதம் வேறு என்று பாபாசாகேப் 1936-லேயே பிரித்துக் காட்டினார். இர்ஃபான் கேட்டதும் அந்த இடத்தில் நின்றுதான்.

தன் பெயரிலிருந்து ‘கான்’ என்பதையும் அவர் எடுத்துவிட்டார். வம்சம் அல்ல, தன் வேலையே தன்னைச் சொல்லட்டும் என்றார். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்ன மண் நம்முடையது. பட்டம் போனது, “எந்த ஊரு, எந்தத் தெரு?” என்ற கேள்வி போகவில்லை. அப்படியென்றால் பெயரை விடுவது தொடக்கம் மட்டுமே.

இதையெல்லாம் வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, பிளஸ் டூ படிக்கும் ஒரு தங்கை எழுந்தாள். “நம்ம காலனி அம்மன் கோயில் திருவிழாவுக்கு, துப்புரவு வேலை பாக்குற நாலு குடும்பத்துக்கிட்ட மட்டும் ஏன் அக்கா வரி வாங்குறதில்ல?”

எங்களிடம் பதில் இல்லை. ஊர்த் தெருவில் தேர் வராததற்கு மனு எழுதியவர்கள் நாங்கள். நம் தெருவிலேயே நாலு வீட்டை விட்டுவிட்டுத் திருவிழா நடப்பதை இத்தனை வருடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த வாரமே ஊர்ப் பெரியவர்களிடம் போனோம். “படிச்சிட்டா பெரிய ஆளா?” என்று திட்டு வாங்கித் திரும்பினோம். அடுத்த ஆடிக்குள் மறுபடியும் போவோம். இந்த முறை அந்தத் தங்கையும் வருகிறாள்.

2020 ஏப்ரல் 29 அன்று, ஊரடங்குக்கு நடுவில், இர்ஃபான் போய்விட்டார். அவருக்கு நாம் கட்அவுட் வைக்க வேண்டாம். எதிராளியிடம் கேட்கும் கேள்வியை நம் வீட்டிலும் ஒருமுறை கேட்போம். திட்டு விழும். விழட்டும்.