டெர்மோஸ்கோப்பில் தெரிந்த கையெழுத்து

அப்பாவோட 70வது பிறந்தநாளுக்கு, சச்சின் கையெழுத்துப் போட்ட போட்டோ ஒண்ணை ஆன்லைன்ல வாங்கிக் கொடுத்தேன். 18,000 ரூபாய். கூடவே பளபளன்னு ஹாலோகிராம் ஒட்டின சான்றிதழ்.

போன வாரம் ஏதோ சந்தேகம். மச்சம் பார்க்கிற டெர்மோஸ்கோப்பை அது மேல வெச்சுப் பார்த்தேன். பேனா மைன்னா கோடு விட்டுப்போகாம ஓடணும். இங்க சின்னச் சின்னப் புள்ளிகள். அச்சடிச்சதுங்க!

சான்றிதழை மட்டும் நம்பாதீங்க, அதையும் அச்சடிக்கலாம். அமெரிக்காவில் எஃப்பிஐ நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' வேட்டையில் அன்னை தெரசா 'கையெழுத்திட்ட' பேஸ்பால்கூட சிக்கியது. அன்னை தெரசா, பேஸ்பால்ல!

வாங்குறதுக்கு முன்னாடி, அதே பொருளை வேற யார் விற்கிறாங்கன்னு தேடுங்க. ரெண்டு கையெழுத்து இம்மி பிசகாம ஒண்ணா இருந்தா வாங்காதீங்க. மனுஷக் கைக்கு அது வராது.

அப்பா அதை ஹால்ல மாட்டி, வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுறார். நான் இன்னும் சொல்லல.