ஒரு வெல்டர் போட்ட ரெக்கே ஆல்பம்!

1996-ல் வந்த 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் 'நோ ப்ராப்ளம்' பாட்டு ஞாபகம் இருக்கிறதா? ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து ஒரு மாதிரி இங்கிலீஷில் கடகடவென்று கொட்டுவாரே ஒருத்தர்... கேட்டால் சத்தியமாக ஜமைக்காக்காரர் என்றுதான் தோன்றும். ஆனால் ஆள் பஞ்சாபி! பெயர் ஸ்டீவன் கபூர். மேடைப் பெயர் அப்பாச்சி இந்தியன். 1993-ல் வந்த அவருடைய முதல் ஆல்பம் 'நோ ரிசர்வேஷன்ஸ்' பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஊர்க்கதை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஹான்ட்ஸ்வொர்த் என்று ஒரு பகுதி. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தொழிற்சாலை வேலைக்காக ஜமைக்காக்காரர்களும் பஞ்சாபிகளும் வந்து அக்கம்பக்கத்தில் குடியேறிய இடம். கபூர் அங்கே பிறந்தது 1967-ல். அடுத்த வருடமே, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுகிறவர்களுக்கு எதிராக ஈனாக் பவல் என்ற எம்.பி. பேசிய பேர்போன பேச்சு நடந்தது இதே பர்மிங்ஹாமில்தான். 1985-ல் ஹான்ட்ஸ்வொர்த்தில் பெரிய கலவரமும் நடந்தது.

ஒரே தெருவில் குருத்வாராவும் இருந்தது, ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டு போடும் ஜமைக்கா 'சவுண்ட் சிஸ்டம்' கோஷ்டிகளும் இருந்தன. ஸ்டீல் பல்ஸ் குழு 1978-ல் தன் முதல் ஆல்பத்துக்கு 'ஹான்ட்ஸ்வொர்த் ரெவல்யூஷன்' என்று இந்த ஊர்ப் பெயரையே வைத்தது. அப்படிப்பட்ட ஊரில் வெல்டிங் வேலை பார்த்த பஞ்சாபிப் பையனுக்கு ரெக்கே பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

ரெக்கே என்றதும் பாப் மார்லியின் நிதானமான தாளம்தான் பலருக்கும் தோன்றும். (அதன் சாயல் தெரிய வேண்டுமென்றால் 'சின்னச் சின்ன ஆசை'யை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். கிடார் தாளத்தின் மேல் விழாமல், இடைவெளியில் வந்து விழும்.) ஆனால் கபூரைப் பிடித்தது அதற்கு அடுத்த தலைமுறை இசையான டான்ஸ்ஹால். கீபோர்டில் செய்த ஒரு தாளத்தை ஓடவிட்டு, அதன்மேல் பேச்சும் பாட்டுமாக அள்ளிவிடுவது. அதே தாளத்தில் இன்னொருவர் வேறு பாட்டு கட்டுவார். சினிமா மெட்டில் சொந்த வரி போடும் கானா கச்சேரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கபூரின் ஹீரோ கிங்ஸ்டனைச் சேர்ந்த சூப்பர் கேட். அவருக்கு 'வைல்ட் அப்பாச்சி' என்று பட்டப்பெயர். அதிலிருந்து 'அப்பாச்சி' வந்தது. சுவாரஸ்யம் என்னவென்றால், சூப்பர் கேட்டுக்கே இந்திய வம்சாவளித் தொடர்பு உண்டு! 1845 முதல் ஆயிரக்கணக்கான இந்தியர்களைக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். ரெக்கே பாட்டுகளில் அடிக்கடி வரும் 'கஞ்சா' என்ற சொல்லும் அப்படிக் கப்பலேறிப் போனதுதான்.

1990-ல் கபூரின் முதல் பாட்டு 'மூவி ஓவர் இந்தியா'. ஜமைக்கா தாளம், நடுநடுவே பஞ்சாபி. காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க: அன்றைய இங்கிலாந்தில் இந்த இரண்டு இசைக்கும் மார்க்கெட் தனித்தனி. பாங்க்ரா கேசட் இந்தியர்களின் கடைகளில் ஓஹோவென்று விற்றாலும் பிரதான விற்பனைப் பட்டியலில் ஏறாது, ஏனென்றால் அந்தக் கடைகள் கணக்கிலேயே வராது. இந்தப் பாட்டு இரண்டு பக்கமும் விற்றது. ஐலண்ட் நிறுவனம், அதாவது மார்லியை உலகத்துக்குக் கொண்டுபோன அதே கம்பெனி, கபூரை ஒப்பந்தம் செய்தது.

'நோ ரிசர்வேஷன்ஸ்' என்ற தலைப்பே ஒரு சிலேடை. 'தயக்கமில்லை' என்றும் சொல்லலாம், அமெரிக்கப் பூர்வகுடிகளான அப்பாச்சிகளை அடைத்துவைத்த 'ரிசர்வேஷன்' நிலங்களையும் நினைக்கலாம். (இடஒதுக்கீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) ஆல்பத்தின் ஒரு பகுதியை ஜமைக்காவிலேயே பதிவுசெய்தார்கள். ஸ்லை டன்பார் போன்ற அந்த ஊர் ஜாம்பவான்கள் வேலை செய்தார்கள். 1993 மெர்க்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் ஆல்பம் இடம்பிடித்தது.

விஷயம் வெறும் ஆட்டம் பாட்டம் மட்டுமில்லை. வீட்டில் பேசத் தயங்கும் குடிப்பழக்கம், எய்ட்ஸ் பற்றியெல்லாம் பாட்டு உண்டு. பெரிய ஹிட் 'அரேஞ்ச்டு மேரேஜ்'. பஞ்சாபிலிருந்து பெண் வேண்டும் என்று கேட்கும் பையனின் பாட்டு. கிண்டலா, பெருமையா என்று பிடிபடாது. பெண்ணுக்கு என்ன விருப்பம் என்ற கேள்வி அதில் பெரிதாக எழவில்லை என்பது இன்று கேட்டால் உறுத்தும். ஆனாலும் அந்தப் பேச்சை ரேடியோவுக்குக் கொண்டுவந்ததே பெரிய விஷயம்.

சரி, ஜமைக்காக்காரர் இல்லாத ஒருவர் ஜமைக்கா உச்சரிப்பில் பாடலாமா? காப்பி இல்லையா? நியாயமான கேள்விதான். இதற்குப் பதிலை ராஜகிரி அடிவாரத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். செஞ்சிக் கோட்டையில் நாயக்கர் கட்டியது இருக்கிறது, பீஜப்பூர் ஆண்டது இருக்கிறது, 1677-ல் சிவாஜி பிடித்தது இருக்கிறது, மொகலாயர், பிரெஞ்சுக்காரர், வெள்ளைக்காரர் என்று வரிசை நீள்கிறது. கல்யாண மகாலும் இருக்கிறது, சாதத்துல்லா கான் மசூதியும் இருக்கிறது. 2025-ல் யுனெஸ்கோ இதை 'மராத்தா ராணுவ நிலப்பரப்புகள்' பட்டியலில் சேர்த்தது. பலர் கட்டியதற்கு ஒருவர் பெயர்! கலப்பதில் குற்றமில்லை. யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை மறைத்தால்தான் குற்றம். கபூர் மறைக்கவில்லை. குருவின் பட்டத்தைத் தன் பெயரிலேயே சுமந்தார், குருவின் ஊருக்கே போய்ப் பாடினார்.

முதல்முறை கேட்பவர்கள் 'மூவி ஓவர் இந்தியா'வில் ஆரம்பியுங்கள், அடுத்து 'சோக் தேர்'. அப்புறம் 'நோ ப்ராப்ளம்' கேட்டால் அந்தக் குரல் வேற மாதிரி கேட்கும்!