திரும்பாத காரும், கையில் பேசும் ஸ்டியரிங்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. பெருநாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அதற்கு முதல் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். கார் ஓடும் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

போன வருஷம் எங்கட ஒழுங்கையில் ஒரு கலியாணம். மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவர் கொழும்பிலிருந்து மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 9 காரில் வந்திருந்தார். பொடியன்மார் எல்லாம் சாப்பாட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றி நின்றார்கள். உண்மையைச் சொன்னால், நானும்தான். கல்வியியற் கல்லூரி விடுதியில் இருந்த காலத்திலிருந்தே எனக்குக் காரில் பைத்தியம். சொந்தமாக இருப்பது என்னவோ ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான்.

பின்னேரம் அவர் வெளிக்கிட்டார். ஒழுங்கை முடிகிற இடத்தில் காரைத் திருப்ப வேண்டும். முன்னுக்கு, பின்னுக்கு, மறுபடி முன்னுக்கு. ஐந்து தரம் எடுத்தும் திரும்பவில்லை. பின்னால் நின்ற ஓட்டோக்கார மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரே வெட்டில் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சனம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பக்கத்தில் என் பழைய மாணவன் ஒருவன் நின்றான். ஓ.எல் வரைக்கும் என்னிடம் கணிதம் படித்தவன். "என்ன ஸேர், இவ்வளவு காசு குடுத்து வாங்கின கார், மாமாட ஓட்டோ அளவுக்கும் திரும்புதில்லையே?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்று கல்லூரியில் படிப்பித்தார்கள்தானே, ஒரு சோற்றுத் தட்டை வைத்தே விளங்கப்படுத்தினேன்.

ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ஒரு வட்டம் போனால், வெளிப்பக்க முன்சில்லு போடும் வட்டத்தின் ஆரைதான் திரும்பும் ஆரை. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையிலுள்ள தூரத்தை இந்த ஆரையால் பிரித்தால், சில்லு திரும்பும் கோணத்தின் சைன் பெறுமதி கிட்டத்தட்ட வந்துவிடும். எவலூஷன் 9இல் சில்லுகளுக்கு இடையிலான தூரம் 2.625 மீற்றர், திரும்பும் ஆரை 5.9 மீற்றர். பிரித்தால் 0.445, அதாவது 26 பாகை. நம் ஊரில் நிறைய ஓடும் சுசுக்கி வெகன் ஆரில், 2017இல் வந்த வகைக்கு 2.46 மீற்றரும் 4.4 மீற்றரும். கணக்குப் போட்டால் 34 பாகை. அந்த எட்டுப் பாகையில்தான் எவலூஷன் நம்மட ஒழுங்கையில் மாட்டிக்கொண்டது.

ஏன் குறைவாகத் திரும்புகிறது? டயர் அகலம், 235 மில்லிமீற்றர். எஞ்சின் குறுக்காகக் கிடந்து இடத்தைப் பிடிக்கிறது. நான்கு சில்லும் இழுக்கிற கார் என்பதால் முன்சில்லுக்கும் அச்சுத்தண்டு போகிறது. அந்தத் தண்டின் மூட்டு ஓர் அளவுக்கு மேல் மடங்காது. பந்தயப் பாதையில் வேகமாக வளைவதற்குச் செய்த ஏற்பாடுகள்தான் ஒழுங்கையில் அதைத் திரும்பவிடாமல் செய்தன.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் சில கார்களில் பின்சில்லையும் திருப்புகிறார்கள். ஹொண்டா பிரிலூட் 1987இலேயே அப்படி வந்தது. 2013இல் போர்ஷ 911 ஜிடி3க்கும் வந்தது. மெதுவாகப் போகும்போது பின்சில்லு முன்சில்லுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும், வட்டம் சுருங்கும். வேகமாகப் போகும்போது இரண்டும் ஒரே பக்கம் திரும்பும், கார் ஆடாமல் நிற்கும்.

"அப்ப எவலூஷன் வளையாத காரா ஸேர்?" என்றான்.

"இல்லடா. சாதாரண காரில் சில்லு ஒரு பாகை திரும்ப நீ ஸ்டியரிங்கை 15, 16 பாகை அல்லது அதை விடக் கூடத் திருப்ப வேணும். இதில் 13 போதும். எவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்பும் என்பது வேறு, எவ்வளவு சுறுக்காகக் கை சொன்னதைக் கேட்கும் என்பது வேறு" என்றேன்.

அவன் கண் மின்னியது. எனக்கும் பெருமை. ஆனால் நான் பாதிப் பாடத்தைத்தான் நடத்தியிருந்தேன். கை சொல்வதைக் கார் கேட்பதைப் பற்றிச் சொன்னேன். கார் கைக்குச் சொல்வதைப் பற்றிச் சொல்லவில்லை.

சில மாதத்தில் அவன் ஒரு பழைய கார் வாங்கினான். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைப் பதித்தான். பெரிய ரிம், அகல டயர், சில்லு வெளியில் தள்ளி நிற்பதற்கு ஸ்பேசர். பாடசாலை வாசலில் கொண்டுவந்து காட்டினான். முழுதாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது. "அதுக்கென்ன ஸேர், முழுசாத் திருப்பாம ஓடுவம்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். "கார் எவலூஷன் மாதிரி ஆகிற்றுடா" என்று வேறு சொன்னேன். அந்தச் சொல்லைத் திருப்பி வாங்க முடியுமென்றால் எவ்வளவோ கொடுப்பேன்.

மாரி காலத்தில் ஒரு இரவு, வயல் பக்கத்து வளைவில் அவன் கார் வழுக்கி வாய்க்காலுக்குள் போனது. வலது கை இரண்டு இடத்தில் முறிவு, தகடு வைத்தார்கள். சைக்கிளில் வந்த ஒரு வயோதிபர் ஒரு சாண் இடைவெளியில் தப்பினார். அல்ஹம்துலில்லாஹ்.

வாட்டுக்குப் பார்க்கப் போனேன். அவன் சொன்னது இதுதான்: "ஸேர், ஸ்டியரிங் ஒண்டும் சொல்லல்ல. திடீரெண்டு போயிற்று."

அந்த வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு.

சைக்கிளை ஓடவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள், முன்சில்லு தானாக நேராக வரும். காரிலும் அப்படித்தான். வளைவில் சில்லு நேராக வரப் பார்க்கும், அந்த இழுவையைக் கை பாரமாக உணரும். வளைவில் வேகம் கூடக்கூடப் பாரமும் கூடும். ஆனால் டயரின் பிடி உச்சத்துக்குப் போவதற்குக் கொஞ்சம் முதலே அந்தப் பாரம் குறையத் தொடங்கிவிடும். ஸ்டியரிங் இலேசாகும். 'இனிப் பிடி இல்லை, வேகத்தை எடு' என்று டயர் சொல்கிற சொல் அது. ஈர றோட்டில் அந்தச் சொல் மெதுவாகவும் நேரத்தோடும் வரும். பந்தயக்காரர்கள் ஸ்டியரிங் உணர்வு என்று கொண்டாடுவது இதைத்தான். 2011இல் போர்ஷ 911க்கு மின்மோட்டார் ஸ்டியரிங் வந்தபோது, முன்பிருந்த எண்ணெய் அழுத்த ஸ்டியரிங் மாதிரிக் கைக்குப் பேசுவதில்லை என்று பழைய ஆட்கள் குறைப்பட்டதும் இதனால்தான்.

ஸ்பேசர் போட்டுச் சில்லை வெளியில் தள்ளினால் ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்கை இழுக்கும். ஸ்பிரிங்கை வெட்டினால் சில்லு நிற்கும் கோணம் மாறும், மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டுத் துள்ளும். இவ்வளவு இரைச்சலுக்குள் அந்தச் சின்னச் சொல் கேட்குமா? டயர் அவனுக்குச் சொல்லித்தான் இருக்கும். கேட்கிற வழியை அவனே காசு கொடுத்து அடைத்திருந்தான். கடைசியில் அவனிடம் இருந்தது எவலூஷனின் ஒரு குணம் மட்டும்தான், ஒழுங்கையில் திரும்பாத குணம்.

வேகத்துக்கென்றே ஒதுக்கிய இடத்திலும் பிடி விட்டால் என்ன நடக்கும் என்று நாம் கண்டோம். 2024 ஏப்ரல் 21ஆந் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டுச் சனத்துக்குள் பாய்ந்து 7 பேர் மௌத்தானார்கள். நம்மட கடற்கரை றோட்டில் பெருநாள் பின்னேரம் தடுப்பும் இல்லை, கொடி பிடிக்க ஆளும் இல்லை. புது உடுப்போடு ஐஸ்கிறீம் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

கராஜ் பாஸ்மாரிடம் ஒரு வேண்டுகோள். பொடியன் கேட்டான் என்பதற்காக ஸ்பேசர் போடாதீர்கள், ஸ்பிரிங் வெட்டாதீர்கள். வாப்பாமாரே, பிள்ளை காரைக் காட்டினால் நிறத்தைப் பார்க்காமல், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பச் சொல்லுங்கள். உரசினால் கழற்றச் சொல்லுங்கள். தம்பிமாரே, காசு இருந்தால் நான்கு நல்ல டயர் போடுங்கள், சில்லின் அளவை மாற்றாதீர்கள், ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்தால் இன்றைக்கே காட்டுங்கள். மழையில் வளைவுக்குள் போக முதல் வேகத்தைக் குறையுங்கள், உள்ளே போன பிறகு அல்ல.

இப்போது தரம் 10க்கு வட்டம் படிப்பிக்கும்போது எவலூஷன் கதையை இன்னும் சொல்கிறேன். பாதியில் நிறுத்துவதில்லை, வாய்க்கால் வரைக்கும் சொல்கிறேன்.

அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதினேன். "போடுங்க ஸேர், பேர மட்டும் போடாதீங்க" என்றான். இடது கையால் ஃபோனைப் பிடித்திருந்தான். வலது கை இன்னும் முழுதாக மடங்குவதில்லை.