டிராவுன்னா தோல்வி இல்லை, கண்ணுகளா



2013 நவம்பர் 9. சென்னையில் உலக செஸ் பட்டத்துக்கான முதல் ஆட்டம். நார்வேயின் கார்ல்சனுக்கு வெள்ளைக் காய், நம்ம ஆனந்துக்குக் கருப்பு. 16 நகர்த்தலில் டிரா! "இதுக்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு.

அந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள். கார்ல்சன் முதலில் ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்தார். அது நின்ற வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அதன் பின்னால் மந்திரியை அமர்த்தினார். மந்திரி நின்றது நீண்ட மூலைவிட்டத்தில். ஆனந்தும் அதே மாதிரி அடுக்கினார். அவசரமில்லாத தொடக்கம்.

பிறகு ஆனந்தின் குதிரை எதிரியின் பாதிக்குள் புகுந்தது. விரட்ட ராணி வந்தது. குதிரை ஓரத்துக்கு விலகி, அங்கிருந்து ராணியையே மிரட்டியது. ராணி நகர்ந்து மறுபடி குதிரையைக் குறிவைத்தது; குதிரை பழைய இடத்துக்கே வந்து மறுபடி ராணியை மிரட்டியது. இப்படியே சுற்றிச் சுற்றி. ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் டிரா கேட்கலாம் என்பது விதி. ஆளுக்கு அரைப் புள்ளி.

வெள்ளைதான் முதலில் நகர்த்தும். அந்தச் சாதகம் எதிரிக்கு இருக்க, கருப்பில் அரைப் புள்ளி எடுப்பது லாபம்தான்.

தொடரை ஆனந்த் 3½–6½ என இழந்தார், உண்மைதான். ஆனால் நடந்த 10 ஆட்டங்களில் 7 டிரா. நவம்பர் 22-ல் கார்ல்சன் பட்டத்தை உறுதி செய்த பத்தாவது ஆட்டமும் டிராதான்! அவருக்குத் தேவைப்பட்டது அந்த அரைப் புள்ளி மட்டும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் என் பழைய மாணவர் ஒருவரின் மகள் வந்திருந்தாள். போட்டியில் தன்னைவிடப் பெரிய பையனோடு கருப்பில் ஆடி டிரா செய்திருக்கிறாள். வீட்டில் கேட்டது ஒரே கேள்வி: "டிராதானா?" "இனி செஸ்ஸுக்கே போகலைங்க தாத்தா" என்கிறாள், பத்து வயசுப் பிள்ளை.

அப்பா அம்மாக்களே, பிள்ளை ஆடிவிட்டு வந்தால் முடிவை அப்புறம் கேளுங்கள். "எந்தக் காய் சாமி? எப்படி ஆரம்பிச்சே? எங்கே மாட்டினே, எப்படித் தப்பிச்சே?" என்று கேளுங்கள். பலகையை எடுத்து வந்து அதுவே ஆடிக் காட்டும். அரைப் புள்ளிக்குப் பட்ட பாடு அப்போது தெரியும்.

நலமே விளைக.