சுவிட்சைப் பார்க்காதே... பல்பைப் பார்!

'அவர்' என்று ஒரே ஒரு சொல்லைத்தான் டைப் செய்தார் அந்த அம்மா. மூன்று நாள்களாக உட்கார்ந்து திருத்திய 22 பக்கங்களும் திரையிலிருந்து காணாமல் போய்விட்டன. மிச்சம் இருந்தது ஒரு வரி. அதுவும் காலையில் வேறு எதற்கோ காப்பி செய்துவைத்த அச்சகத்தின் முகவரி.

பதறிப்போய் அந்த ஃபைலை மூடப் போனார். 'சேமிக்கவா?' என்று கேட்டது கம்ப்யூட்டர். எத்தனையோ வருடப் பழக்கம். யோசிக்காமல் 'ஆமாம்' என்று அழுத்திவிட்டார்.

மதுரையில் வசிக்கும் அவருக்கு வயது 64. முப்பது வருடங்களுக்கும் மேலாகப் புத்தகங்களுக்கு ப்ரூஃப் பார்க்கிறார். முதலில் காகிதத்தில் சிவப்பு மையால் திருத்தினார். பிறகு கம்ப்யூட்டரிலேயே திருத்தப் பழகிக்கொண்டார். கணவர் இல்லை. மகன் சென்னையில் ஐ.டி வேலையில் இருக்கிறார். மாதா மாதம் பணம் அனுப்புகிறார். ஆனாலும், பக்கத்துக்கு இவ்வளவு என்று அச்சகம் கொடுக்கும் காசு அம்மாவுக்குத் தனி. "அது நான் சம்பாதிக்கிறது" என்பார்.

போன வருடம் ஒருநாள் காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. பக்கவாதம். பேச்சு சில வாரங்களில் திரும்பிவிட்டது. கால் ஓரளவு சரியானது. வலது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

"ஒரு கையை வச்சுக்கிட்டு என்னப்பா செய்யுறது? இந்தக் கீபோர்டே ரெண்டு கை இருக்கறவங்களுக்குச் செஞ்சதுதானே?" என்று போனில் மகனிடம் கேட்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அவர் பயன்படுத்துவது தமிழ்99 விசைப்பலகை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்யெழுத்துகள் வலப்பக்கமும் இருக்கும். புள்ளியைப் பல இடங்களில் அதுவே வைத்துக்கொள்ளும். 'அம்மா' என்று எழுத நான்கு தட்டல் போதும். பெரும்பாலான எழுத்துகளுக்கு ஷிஃப்ட் தேவையே இல்லை. அதனால், இடது கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி மெதுவாகவாவது எழுதிவிட முடிந்தது.

சேமிக்க, தேட, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற என்று வந்தபோதுதான் சிக்கல். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அழுத்த வேண்டும். சிலவற்றுக்கு மூன்று பட்டன்கள்.

மகன் முதலில் ஒரு சுலபமான வழி சொன்னார். விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'ஸ்டிக்கி கீஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷிஃப்ட் பட்டனை ஐந்து முறை தட்டினால், 'இதை இயக்கவா?' என்று கேட்கும். இயக்கிவிட்டால், கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒருமுறை தட்டிவிட்டு, பிறகு அடுத்த பட்டனைத் தட்டினால் போதும். ஒரு கை மட்டும் இயங்குபவர்களுக்குப் பெரிய உதவி.

ஆனால், அதில் இன்னொரு விஷயமும் உண்டு. கன்ட்ரோலை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால், அது பூட்டிக்கொள்ளும். மறுபடி தட்டும்வரை விடாது. கை நடுங்குபவருக்கு ஒரு தட்டல் இரண்டாவது சகஜம்தானே?

அன்று நடந்தது அதுதான். கன்ட்ரோல் பூட்டிக்கொண்டது அம்மாவுக்குத் தெரியாது. தெரிவிப்பதற்கு ஒரு சத்தம் வரும். தெருவில் இருந்தவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று ஸ்பீக்கரை அணைத்து வைத்திருந்தார். 'அவர்' என்று எழுதத் தொடங்கினார். தமிழ்99-ல் 'அ' இருப்பது ஆங்கில 'ஏ' பட்டனில். கன்ட்ரோலுடன் அது சேர்ந்தால், 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்று அர்த்தம். 'வ' இருப்பது 'வி' பட்டனில். கன்ட்ரோலுடன் சேர்ந்தால், 'காப்பி செய்ததை இங்கே ஒட்டு' என்று அர்த்தம். இரண்டே தட்டலில் 22 பக்கங்கள் போய், முகவரி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஐம்பது வருடப் பழைய கதை

இப்படி ஏமாந்தது மதுரை அம்மா மட்டும் அல்ல. 1970-களில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் 'பிராவோ' என்று ஓர் எழுதும் மென்பொருள் இருந்தது. அதில் கட்டளைகள் எல்லாம் ஒற்றை எழுத்துகள். எழுதும் நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கட்டளை நிலையில் ஒருவர் 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்தால் என்ன ஆகும்? முதல் எழுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது அழித்துவிடும். மூன்றாவது, 'இனி வருவதைச் சேர்' என்று சொல்லும். கடைசி எழுத்து மட்டும் திரையில் அநாதையாக நிற்கும்.

அந்த மையத்தில் வேலை பார்த்த லாரி டெஸ்லருக்கு இந்த மாதிரி 'நிலை'கள் என்றாலே ஆகாது. ஒரே பட்டன் ஒரு நேரம் ஒன்றையும் இன்னொரு நேரம் வேறொன்றையும் செய்யக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். தன் கார் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று போட்டுக்கொண்டவர். இன்று உலகமே பயன்படுத்தும் கட், காப்பி, பேஸ்ட் முறையை உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவருடையது. 2020 பிப்ரவரியில் காலமானார். அவர் கொடுத்த பேஸ்ட் வசதியே, அவர் பயந்த மாதிரியான தவறில் சிக்கி மதுரையில் ஒரு ஃபைலை விழுங்கியது என்பதுதான் வேடிக்கை.

ஒரு வேலைக்கு ஒரு பட்டன்

விஷயம் தெரிந்து அந்த வார இறுதியில் மகன் மதுரைக்கு வந்தார். அச்சகத்தில் பேசி ஒரு வாரம் அவகாசம் வாங்கியிருந்தார் அம்மா. "இனிமே என்னால முடியாதுன்னு சொல்லிடலாமா?" என்று அவர் கேட்டபோது, மகன் பதில் சொல்லவில்லை. லேப்டாப்பைத் திறந்தார்.

அம்மாவின் கம்ப்யூட்டரில் 'ஈமாக்ஸ்' என்ற எழுதும் மென்பொருளைப் போட்டார். இலவசம். இதன் வேர் 1976-ல் எம்.ஐ.டி-யில் இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய இன்றைய வடிவம் 1985-ல் வெளியானது. தமிழ்99 இதற்குள்ளேயே இருக்கிறது. உண்மையைச் சொன்னால், வாங்கியபடியே பயன்படுத்தினால் இது ஒரு கைக்காரர்களுக்கு எதிரி. சேமிக்கக்கூட இரண்டு கன்ட்ரோல் கட்டளைகள். ஆனால், எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒரு பட்டனுக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

கீபோர்டின் மேல் வரிசையில் சும்மா கிடக்கும் 'எஃப்' பட்டன்களை எடுத்துக்கொண்டார் மகன். எஃப்5 தட்டினால் தமிழ், மறுபடி தட்டினால் ஆங்கிலம். எஃப்6 தட்டினால் ஃபைல் பூட்டிக்கொள்ளும், படிக்கலாம், எதுவும் மாறாது. மறுபடி தட்டினால் திறந்துகொள்ளும், திருத்தலாம். எஃப்8 தட்டினால் எழுத்து பெரிதாகும், மறுபடி தட்டினால் பழைய அளவு. எஃப்9 சேமிக்க. ஸ்டிக்கி கீஸை அணைத்துவிட்டார்.

ஒரே பட்டன் ஆன், அதே பட்டன் ஆஃப். கம்ப்யூட்டர்காரர்கள் இதை 'டாகிள்' என்பார்கள். மகனுக்குப் பெருமை. அம்மாவுக்கு ஒரு மணி நேரத்திலேயே கோபம் வந்துவிட்டது.

"இப்ப இது பூட்டியிருக்கா, தெறந்திருக்கா?"

"கீழ ஒரு பட்டை இருக்கு பாருங்கம்மா. அதுல காட்டும்."

"நான் எழுத்தைப் பார்ப்பேனா, கீழ பட்டையைப் பார்ப்பேனா?"

மகன் யோசித்துக்கொண்டிருந்தபோது, அம்மா மாடிப்படியைக் காட்டினார். அங்கே ஒரு லைட். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதில் வேண்டுமானாலும் போடலாம், அணைக்கலாம். அதனாலேயே சுவிட்ச் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்த்து எதையும் சொல்ல முடியாது.

"அந்த சுவிட்சைப் பார்த்தா தெரியுமா? பல்பைப் பார்த்தாத்தானே தெரியும்? எனக்கும் பல்பு மாதிரி ஒண்ணு வையி. கண்ணு எங்க இருக்கோ அங்க வையி."

ஆப்பிள் நிறுவனத்தில் 1979-ல் மேக்கின்டோஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின், பின்னாளில் எழுதிய புத்தகத்தில் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார். கவனம் இருக்கும் இடத்தில் நிலை தெரியாவிட்டால், மனிதர்கள் தவறு செய்வார்கள். அது அவர்கள் குற்றம் அல்ல என்பது அவர் கட்சி. அம்மா அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. அவரிடம் இருந்தது ஒரு மாடிப்படிதான்.

அன்று இரவு மகன் இன்னும் சில வரிகள் எழுதினார். தமிழ் என்றால் கர்சர் சிவப்பு, ஆங்கிலம் என்றால் நீலம். ஃபைல் பூட்டியிருந்தால் பக்கம் முழுக்கப் பழைய காகிதம் மாதிரி வெளிர் மஞ்சள். திறந்திருந்தால் வெள்ளை. எழுத்தைப் பார்த்தபடியே எந்த நிலை என்று தெரிந்துவிடும்.

இது உங்கள் கையிலேயே இருக்கிறது. மொபைலில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் வைத்து ஜிபோர்டு பயன்படுத்துபவர்கள் உருண்டைப் படத்தைத் தட்டி மொழி மாற்றுகிறீர்கள் அல்லவா? அப்போது ஸ்பேஸ் பட்டனைக் கவனியுங்கள். எந்த மொழி என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். உருண்டைதான் சுவிட்ச். ஸ்பேஸ் பட்டன்தான் பல்பு. வீட்டில் பெரியவர்களுக்கு போன் பழக்கும்போது நாம் சுவிட்சை மட்டும் காட்டிவிட்டு, "எத்தனை தடவை சொல்றது?" என்று எரிந்து விழுகிறோம். பல்பு எங்கே என்று காட்டுவதே இல்லை.

வலது கைக்கு ஒரு வேலை

போன 22 பக்கங்கள் திரும்பி வரவில்லை. அம்மா மறுபடி முதலிலிருந்து திருத்தினார். மஞ்சள் பக்கத்தில் படிப்பது, பிழை கண்ணில் பட்டதும் எஃப்6, வெள்ளையில் திருத்துவது, மறுபடி எஃப்6, மஞ்சள். அவகாசம் முடிய ஒருநாள் இருக்கும்போதே முடித்து அனுப்பிவிட்டார். அச்சகத்திலிருந்து அடுத்த புத்தகமும் வந்தது.

இரண்டு மாதம் கழித்து மகனுக்கு போன்.

"ஏப்பா, அந்தப் பூட்டுற பட்டன் எஃப்6-ல இருக்குல்ல? அதை எஃப்12-க்கு மாத்தித் தர்றியா?"

"ஏம்மா? அது அந்தக் கடைசியில இருக்கே. இடது கைக்குத் தூரம்."

"அதுக்குத்தான். வலது கைக்கு ஏதாவது வேலை குடுக்கணும்னு பிசியோதெரபி பொண்ணு சொல்லிக்கிட்டே இருக்கு. இந்த ஒரு பட்டனை அது பார்த்துக்கட்டும்."

மகன் தயங்கினார். நடுங்கி இரண்டு முறை தட்டிவிட்டால்?

"தட்டுனா என்ன? மஞ்சளாகி வெள்ளையாகும். கண்ணுக்குத் தெரியும்ல. இன்னொரு தட்டு தட்டுனாப் போச்சு."

அவர் சொன்னது சரிதான். அன்று பூட்டிக்கொண்ட கன்ட்ரோல் யாருக்கும் தெரியாமல் காரியத்தைக் கெடுத்தது. இந்தப் பட்டன் கண்ணுக்குத் தெரிந்துதான் மாறும். தவறாகத் தட்டினாலும், அதே பட்டன் பழைய இடத்துக்குத் திருப்பிக்கொண்டுவந்துவிடும்.

சென்னையில் இருந்தபடியே மகன் ஒரு வரியை மாற்றி அனுப்பினார். இப்போது அம்மாவின் இடது கை எழுதுகிறது. பிழை தென்படும்போது மட்டும், வலது கை மேசையிலிருந்து மெல்ல எழுந்து, எஃப்12 வரை போகிறது. சில நாள் இரண்டு முறை விழுகிறது, சில நாள் பக்கத்துப் பட்டனில் விழுகிறது. பக்கம் வெள்ளையாகும்வரை விடுவதில்லை.