செத்தவன்தான் அதிகம் பேசுவான்

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகக் கத்திக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். "டேய், பின்னாடி பாரு! மேல் மாடியில நிக்கிறான்டா!" என்ற அலறலைக் கேட்டு அம்மாக்கள் தலையில் அடித்துக்கொள்வதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் கொஞ்சம் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்டால், அலறலுக்கு நடுவே வேறொரு பேச்சு ஓடுவது தெரியும். "சாப்ட்டியா?", "சம்பளம் போட்டாங்களா?", "பையனுக்கு ஜுரம் விட்டுச்சா?"

அந்த இரண்டாவது பேச்சைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விளையாடிப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பப்ஜி மொபைலை 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்தது. 118 செயலிகளில் அதுவும் ஒன்று. அதே மாதிரி ஆட்டம் 2021 ஜூலை 2 அன்று 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் திரும்ப வந்தது. சுருக்கமாக பி.ஜி.எம்.ஐ. விமானத்திலிருந்து நூறு பேர் ஒரு தீவில் குதிப்பார்கள். நான்கு நான்கு பேராக அணி. துப்பாக்கி பொறுக்கி, சண்டை போட்டு, கடைசியில் மிஞ்சுகிற அணிக்கு 'சிக்கன் டின்னர்'. ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே நிற்பவனுக்கு உயிர் குறைந்துகொண்டே போகும். விழுந்தவனைக் கூட்டாளி பக்கத்தில் உட்கார்ந்து எழுப்பிவிடலாம். ஒரு ஆட்டம் முடிய அரை மணி நேரம் ஆகும்.

அந்த அரை மணியில் உண்மையான சண்டை சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் ஆள் சேரக் காத்திருப்பது, பறப்பது, பொறுக்குவது, ஓடுவது, புதருக்குள் படுத்துக்கிடப்பது. இதில் முதலில் செத்தவன் நிலைமைதான் விசேஷம். அணி முடியும் வரை கூட்டாளிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கையில் வேலை இல்லை, ஆனால் மைக் இருக்கிறது. அதனால்தான் செத்தவன் அதிகம் பேசுகிறான் :-)

வடசென்னைக்கு இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. கேரம் போர்டை நினைத்துப் பாருங்கள். நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவர் அடிப்பார், மூன்று பேர் காத்திருப்பார்கள், பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். ஆட்டத்தில் இந்தப் பகுதியின் திறமையை யாரும் சந்தேகப்பட வேண்டாம். புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தார். ஆனால் போர்டைச் சுற்றி நிற்கிற பெரும்பாலானோருக்கு அது பேசுவதற்கான இடம். எங்கே ஆள் எடுக்கிறார்கள், யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிகிறது, எல்லாம் பவுடர் தூவுகிற நேரத்தில் தெரிந்துவிடும்.

இப்போது நான்கு பேர் அணி ஒன்றைப் பார்ப்போம். 2021 கடைசியில், ஆள் குறைந்தபோது ஆட்டமே ஒருவரோடு ஒருவரைச் சேர்த்துவிட்டது. தமிழ் கேட்டதும் ஒட்டிக்கொண்டார்கள்.

ஒருவர் எண்ணூர்க்காரர். வயது நாற்பதை நெருங்குகிறது. தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை, மாறி மாறி ஷிப்ட். எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'. இன்னொருவர் ராயபுரம், கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். மூன்றாவது, விசைப்படகில் தொழிலுக்குப் போகும் காசிமேட்டுத் தம்பி. நான்காவது திருவொற்றியூரில் ஒரு சின்ன தனியார் பள்ளியில் டீச்சர்.

டீச்சர் முதல் ஒரு மாதம் மைக்கையே போடவில்லை. பெண் குரல் கேட்டால் முன்பின் தெரியாதவன் என்னவெல்லாம் பேசுவான் என்பது இந்த ஆட்டம் ஆடும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். எழுத்தில் மட்டும் 'ஓகே', 'வரேன்' என்று போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நாள் அண்ணன் தன் பையனுக்குப் பின்னம் புரியவில்லை என்று புலம்பியபோது பொறுக்க முடியாமல் மைக்கைப் போட்டு, "அண்ணா, சப்பாத்திய நாலா வெட்டிக் காட்டுங்க" என்றார். சில நொடிகள் சத்தமே இல்லை. பிறகு டிரைவர், "யம்மா, நீ டீச்சரா? இத்தினி நாளா உன்ன ஊமைன்னுல நெனச்சினு இருந்தேன்" என்றார். அன்றிலிருந்து அவர் 'டீச்சர்'.

இவர்கள் சேருகிற நேரத்தைப் பார்த்தால் வடசென்னையின் காத்திருப்புகள் எல்லாம் தெரியும். துறைமுகத்துக்குள் போக வேண்டிய டிரெய்லர்கள் எக்ஸ்பிரஸ் ரோட்டில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பது பேப்பரில் அடிக்கடி வருகிற செய்தி. ஜீரோ கேட் திறக்கும் வரை டிரைவர் ஆடுவார். வரிசை நகர்ந்தால் "வண்டி நவுருது, என்ன விட்டுடுங்க" என்று போனைப் போட்டுவிடுவார். தீவில் அவருடைய ஆள் நட்ட நடு வயலில் தனியாக நிற்பான், யாராவது வந்து சுட்டுவிட்டுப் போவார்கள். தம்பி கடலுக்குப் போனால் பல நாள் சிக்னலே இருக்காது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் முழுநேரமும் ஆன்லைன்தான். "கையில காசு இல்ல, டேட்டா மட்டும் இருக்கு" என்பான்.

டீச்சருக்கு மாலையில் இன்னொரு வேலை. கொரோனாவில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 2020 மார்ச்சில் வீட்டுக்குப் போனவர்கள், 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளிக்குத் திரும்பினார்கள். விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. மாலை 5 முதல் 7 வரை, தெருவிலேயே வகுப்பு, தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். டீச்சர் அதில் சேர்ந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்க மறந்துபோன பிள்ளைகளைப் பார்த்துவிட்டு ராத்திரி ஆட்டத்துக்கு வந்து, "சதவீதம் எப்படிச் சொன்னாலும் ஏற மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டார்.

அன்றைக்கு முதலில் செத்தது தம்பி. வேலை இல்லாததால் விசைப்படகுக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தான். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் போட்டுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு. டீச்சர் அதையே மறுநாள் கணக்காகப் போட்டார். 1,20,000 ரூபாய்க்கு மீன் விற்றது. செலவு 80,000. மிச்சத்தில் 60 சதவீதம் போட் ஓனருக்கு. மீதியை எட்டு பேர் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு?

இரண்டாயிரம் என்று நான்கைந்து பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் கை தூக்கி, "மிஸ், அட்வான்ஸ கழிக்கலியா?" என்று கேட்டாள்.

அன்று ராத்திரி டீச்சர் இதைச் சொன்னதும் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பாப்பா அப்பாவும் தொழிலுக்குத்தான் போறாரு போல" என்றான். அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தில் அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சமூகவியலில் ரே ஓல்டன்பர்க் 1989-இல் எழுதிய ஒரு புத்தகத்தில் 'மூன்றாம் இடம்' என்று ஒன்றைச் சொல்கிறார். வீடு முதல் இடம், வேலை இரண்டாம் இடம். டீக்கடை, முடிதிருத்தும் கடை மாதிரி பதவி, வருமானம் பார்க்காமல் உட்கார்ந்து பேசுகிற இடம் மூன்றாவது. கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்குலரும் டிமிட்ரி வில்லியம்ஸும் 2006-இல் ஆன்லைன் ஆட்டங்களும் அப்படிப்பட்ட இடங்கள்தான் என்று எழுதினார்கள். வேறு வேறு உலகத்து மனிதர்களை இணைக்கிற பாலமாக அவை நன்றாகவே உதவும், ஆனால் கஷ்டத்தில் தோள் கொடுக்கிற நெருக்கத்தை அவ்வளவாக உண்டாக்காது என்பது அவர்கள் கணிப்பு. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு மூலதனம் என்றால் பணம், கட்டடம், இயந்திரம். இவர்கள் பழக்கத்தையும் மூலதனம் என்கிறார்கள். சமூக மூலதனம்.

அந்த மூலதனத்தின் பலவீனம் என்னவென்றால், அது யாரோ ஒருவருடைய சர்வரில் இருக்கிறது. 2020 அக்டோபர் 30 அன்று பப்ஜி மொபைலின் இந்திய சேவை நின்றபோது எத்தனையோ அணிகள் அப்படியே கலைந்தன. துணிந்தவர்கள் கடைசி நாளில் போன் நம்பர் கேட்டுக்கொண்டார்கள். கூச்சப்பட்டவர்கள் "பாப்போம் மச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், பிறகு பார்க்கவே இல்லை. 2022 ஜூலை 28 அன்று பி.ஜி.எம்.ஐ.யும் ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டது. ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் ஆடினார்கள், புதுப் போன் வாங்கியவர்கள் வெளியே நின்றார்கள். 2023 மே மாதம்தான் திரும்ப வந்தது. சூதாட்டச் செயலிகளின் கதை வேறு. அவற்றில் வீடு வாசலை இழந்தவர்கள் உண்டு, பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றியது. ஆனால் அப்பாக்களுக்கு இரண்டும் ஒன்றுதான். "கேம் ஆடறான்" என்றால் கெட்டுப்போகிறான் என்று அர்த்தம்.

இந்த நான்கு பேரும் கூச்சப்பட்ட வகைதான். இரண்டு வருடப் பழக்கத்தில் அண்ணனின் அம்மாவுக்கு வீசிங் என்று தெரியும். பையன் ஏழாம் வகுப்பு, கணக்கில் 43 மார்க் என்று தெரியும். எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று தெரியும். அவர் பெயர் தெரியாது. போன் நம்பர் தெரியாது.

2023 டிசம்பர் எண்ணூருக்குக் கொடுமையான மாதம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் கலந்து, படகும் வலையும் கறுப்பாகிக் கிடந்தன. அது ஓய்வதற்குள் 26-ஆம் தேதி நள்ளிரவு வாக்கில், கடலுக்கடியில் போகும் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கத்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தெருவில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த நேரத்தில் அண்ணன் ஆட்டத்தில் இருந்தார். "என்னமோ நெடி அடிக்குதுப்பா" என்றார். இருமினார். "கண்ணு எரியுது, இருங்க." யாரோ கதவைத் தட்டும் சத்தம், குழந்தை அழும் சத்தம், "அம்மாவ எழுப்புடி" என்ற குரல். பிறகு மைக்கில் எதுவும் இல்லை. தீவில் அவருடைய ஆள் ஒரு வீட்டு வாசலில் அசையாமல் நின்றான்.

மற்ற மூன்று பேரும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். நம்பர் இருந்தால் போன் போடலாம். தெரு தெரிந்தால் யாரையாவது அனுப்பலாம். எதுவும் இல்லை. வட்டம் நெருங்கி வந்தது. ஓடவேண்டிய நேரத்தில் மூன்று பேரும் ஓடவில்லை. அண்ணனுடைய ஆள் விழுந்தான், டீச்சர் எழுப்பினார். திரும்பவும் விழுந்தான், தம்பி எழுப்பினான். டிரைவர் மூன்றாம் முறை. இதனால் எண்ணூரில் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. கடைசியில் ஒரு குண்டுகூட வாங்காமல் அந்த அணி மொத்தமாகச் செத்தது.

அப்புறம் மூன்று பேரும் விடியும் வரை லாபியில் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் டிவி செய்தியைச் சத்தமாக வைத்து மைக்கில் கேட்க வைத்தார். பச்சைப் புள்ளி எரியவில்லை.

மறுநாள் மாலை எரிந்தது. "ஆஸ்பத்திரில இருந்தோம். அம்மா பரவால்ல. போன்ல சார்ஜ் இல்ல" என்று ஒரு வரி.

டிரைவர் உடனே பதில் போட்டார். "ண்ணா, மொதல்ல உன் பேர் இன்னான்னு சொல்லு."

அன்றைக்குத்தான் நான்கு பேரும் பெயர் சொல்லிக்கொண்டார்கள், நம்பர் வாங்கிக்கொண்டார்கள், வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார்கள். பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்கு டீச்சர் போய், பையனுக்குச் சதவீதம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார். பாலம் மட்டும்தான் என்று எழுதிய ஆராய்ச்சியாளர்களுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்று. பெயர் தெரிந்த பிறகும் ஆட்டத்துக்குள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணன், டிரைவர், தம்பி, டீச்சர்தான். முதலில் சாகிறவன்தான் இப்போதும் முதலில் கேட்கிறான், "சாப்ட்டீங்களா எல்லாரும்?"