கிட்டாரை எந்தப் பக்கம் வைப்பது?



ஓய்வுக்குப் பிறகு நான் கிட்டார் கற்றுக்கொண்டதும், வாசிப்பதை வீட்டிலேயே கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்வதும் உங்களில் பலருக்குத் தெரியும். போன வாரம் பழைய மாணவர் ஒருவர், தான் வீட்டில் பதிவு செய்த பாட்டை அனுப்பி, "சார், கிட்டாரை ரெண்டு பக்கமும் வெச்சிருக்கேன். ஆனாலும் அகலமா கேக்கலையே, ஏன்?" என்று கேட்டிருந்தார். அவருக்குச் சொன்னது மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஒலியை இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்தி வைப்பதற்குப் பேனிங் என்று பெயர். அவர் ஒருமுறை வாசித்ததை நகல் எடுத்து, ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் தள்ளியிருந்தார். இரண்டு காதிலும் ஒரே ஒலி, ஒரே நேரத்தில், ஒரே அளவில் விழுந்தால் அது நடுவிலிருந்து வருவதாகத்தான் மூளை எடுத்துக்கொள்ளும். திசையை நாம் அறிவது வித்தியாசத்தை வைத்துத்தான். வலப்பக்கம் எழும் சத்தம் வலது காதை முதலில் அடைகிறது. இடது காதுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதம். நடுவில் தலை மறைப்பதால் சற்று மெலிந்தும் போகிறது. 1931-ல் இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்ததும் காதின் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆகவே ஒரே பகுதியை இரண்டு தடவை வாசித்துப் பதியுங்கள். முதல் தடவை வாசித்தது இடப்பக்கம், இரண்டாவது வலப்பக்கம், குரல் நடுவில். எவ்வளவு கவனமாக வாசித்தாலும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இராது. அந்தச் சின்ன வித்தியாசம்தான் அகலமாகக் கேட்கிறது.

நகலில் ஒன்றை மட்டும் 20 மில்லி செகண்ட் தாமதப்படுத்தும் குறுக்கு வழியும் உண்டு. ஹெட்போனில் நன்றாகவே இருக்கும். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகக் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிட்டார் குழாய்க்குள்ளிருந்து கேட்பது போலாகிவிடும்.

இது வரை நுட்பம். இதைவிட முக்கியமான ஒன்றையும் அவரிடம் சொன்னேன்.

அந்தப் பாட்டை ஹெட்போனில் என் துணைவியாரிடம் கேட்கக் கொடுத்தேன். அவருக்கு வலது காது கேட்காமல் போய் ஆறு வருடமாகிறது. கேட்டு முடித்து, "பாட்டு நல்லாத்தான் இருக்கு. நடுவுல மட்டும் ரொம்ப நேரம் ஒரே மாதிரி தட்டிட்டே இருக்கானே, எதுக்கு?" என்றார். அந்த இடத்தில்தான் மாணவரின் தனி வாசிப்பு வருகிறது. மூன்று மாதம் பழகிய பகுதியாம். அதை முழுவதும் வலப்பக்கம் வைத்திருந்தார்.

பாட்டை மோனோவாக மாற்றி மறுபடி கொடுத்தேன். இந்த முறை தனி வாசிப்பு வந்ததும் தலை ஆடியது. முடிந்ததும் "இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தாளத்துக்கு வாசிக்கும் கிட்டார்களை இரண்டு ஓரங்களிலும் தாராளமாக வையுங்கள். ராகத்தைச் சுமக்கும் கிட்டாரை நடுவிலோ, நடுவை ஒட்டியோ வையுங்கள். யாருக்கும் அனுப்பும் முன் ஒருமுறை மோனோவில் கேளுங்கள். பிறகு ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்து, இடம் வலம் என்று தனித்தனியே கேளுங்கள். எந்தப் பக்கம் கேட்டாலும் பாட்டு பாட்டாக இருக்க வேண்டும்.

பதிவு செய்யாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் ஒரு காது மந்தமான அப்பாவோ அம்மாவோ அத்தையோ இருந்தால், அவர்கள் செல்போனில் செட்டிங்ஸுக்குள் அக்சசிபிலிட்டி பகுதியில் மோனோ ஆடியோ என்று இருக்கும். அதை இன்றே போட்டுக் கொடுங்கள். இரண்டு பக்க ஒலியும் கேட்கிற காதுக்கே வந்து சேரும். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். பாட்டில் எது விட்டுப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாதே.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்